ஆரபி யாருக்கும் சொல்லவில்லை

யூலை 2, புதன்

நீரிழிவு கிளினிக்கில் இந்தக் கொப்பியைத் தந்திருக்கிறார்கள். வாயில் போடுவதையெல்லாம் ஒளிக்காமல் எழுத வேண்டுமாம். ஆறு வாரம் கழித்துக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மனைவி நளா வீட்டில் நின்றிருந்தால் அவளே எழுதியிருப்பாள். அவள் பிளேன் ஏறி ஊருக்கு, கோண்டாவிலுக்குப் போய் நான்கு நாள் ஆகிறது. மாமிக்கு, அவளுடைய அம்மாவுக்கு, முழங்கால் ஒப்பரேஷன். ஓகஸ்ட் கடைசியில்தான் திரும்புவாள்.

காலை: பாண் இரண்டு துண்டு, முட்டை. மதியம்: சோறு, பருப்பு. தேத்தண்ணி மூன்று, சீனி இல்லாமல். (ஒன்றில் இருந்தது.)

வேலை முடிந்து வரும் வழியில் அரைத்த மாட்டிறைச்சி வாங்கினேன், பெரிய பெட்டி. பிறகு தலைமயிர் வெட்டப் போனேன். அங்கே நல்ல சனம். வெளியே வந்தபோது கார் அடுப்பாகக் கொதித்தது, பெட்டியும் குளிர்விட்டுப் போயிருந்தது. ஒன்றும் ஆகாது.

நளா மாடு சாப்பிடுவதில்லை, நான் சாப்பிடுவதைத் தடுப்பதுமில்லை. ஆனால் என் இறைச்சிக்கு ஃபிரிட்ஜின் அடித்தட்டில் மூடியுள்ள ஒரு பெட்டி, தனிப் பலகை, தனிச் சட்டி. பச்சை இறைச்சி தொட்ட கையால் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் குழாயையும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். தீட்டுக்காரி என்று பகிடி பண்ணுவேன். இந்த இரண்டு மாதமும் நான் ராசா. பாதியை ஃப்ரீசரில் போட்டேன். மற்றப் பாதி மேல்தட்டில், தக்காளிக்குப் பக்கத்தில்.

யூலை 4, வெள்ளி

மதியம்: சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. பின்னேரம்: பாண், பழம். இறைச்சியின் நிறம் மங்குகிறது, நாளைக்கு எப்படியும் முடிக்க வேண்டும்.

யூலை 5, சனி

தங்கச்சி தர்சினி காலையில் ஆரபியைக் கொண்டுவந்து விட்டாள். தர்சினிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அவள் கணவன் பிரதீபனுக்கும் இன்று வேலை. ஆரபிக்கு ஐந்து வயது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் வந்தால் இந்த வீட்டுக்குச் சத்தம் வரும்.

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பேர்கர் சாப்பிட்டிருக்கிறார்களாம், தான் மட்டும் சாப்பிட்டதில்லையாம். இதைக் காலையிலிருந்து ஆறு தரம் சொல்லிவிட்டாள். தர்சினி வீட்டிலும் மாடு கிடையாது. பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறது, என்ன செய்ய.

பின்வளவில் பார்பிக்கியூ மூட்டினேன். உப்பு, மிளகு, வெங்காயம் போட்டுப் பிசைந்து நான்கு தட்டினேன். நெருப்பு பெரிதாகப் பிடித்ததால் வெளிப்பக்கம் கெதியாகக் கறுத்துவிட்டது. பச்சையாகக் கொண்டுபோன தட்டிலேயே இறக்கினேன். ஆளில்லாத வீட்டில் இரண்டு தட்டுக் கழுவ யாருக்குப் பொறுமை. ஆரபி பாதியில் நிறுத்தி எதையோ கேட்டாள், பிறகு சாப்பிட்டு முடித்தாள்.

அம்மாவிடம் சொல்வதில்லை என்று சின்ன விரலைக் கோத்துச் சத்தியம் பண்ணினோம். போகும்போது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீங்கள்தான் பெஸ்ட் மாமா" என்றாள்.

நான் சாப்பிட்டது: பேர்கர் இரண்டு. மற்றதை நாளை மதியத்துக்கு வைத்திருக்கிறேன்.

யூலை 6, ஞாயிறு

பிரதீபனின் நண்பர் வீட்டில் பிறந்தநாள். எல்லாரும் போனோம். ரோல்ஸும் கட்லட்டும் வசந்தமலர் அக்கா செய்தது. அவர் தர்சினியின் தெருவில் இருக்கிறார். கணவர் இறந்த பிறகு வீட்டிலிருந்தே சாப்பாடு செய்து கொடுத்துத்தான் மகனைப் படிப்பிக்கிறார். ரோல்ஸ் இரண்டு சாப்பிட்டேன். ஆரபியும் ஒன்று சாப்பிட்டாள். கேக் சாப்பிடவில்லை. (கொஞ்சம்.)

யூலை 8, செவ்வாய்

ஆரபிக்கு வயிற்றுக்குத்தாம், வயிற்றாலும் போகிறதாம். தர்சினி போன் எடுத்தாள். எனக்கும் நேற்றிலிருந்து வயிறு சரியில்லை, ஆனால் அவளுக்குச் சொல்லவில்லை. வெயில் சூடு என்றேன்.

யூலை 9, புதன்

இரத்தமாகப் போகிறது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் கொண்டுபோனேன். பிள்ளை என் தோளில் முறுகி முறுகி அழுதது. டொக்டர் சோதனைக்கு எடுத்துவிட்டு, வயிற்றோட்டத்தை நிறுத்துகிற மருந்து எதுவும் கொடுக்க வேண்டாம், தண்ணீர் கொடுங்கள், சிறுநீர் போகிறதா என்று பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடுதான் என்கிறான் பிரதீபன். அந்த வீட்டில் அன்று பதினைந்து பிள்ளைகள் சாப்பிட்டன. மற்ற ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. இதை நான் அவனுக்குச் சொல்லியிருக்கலாம்.

மதியம்: ஒன்றுமில்லை. பின்னேரம்: பாண்.

யூலை 11, வெள்ளி

சோதனை முடிவு வந்துவிட்டது. ஈ கோலை என்கிற கிருமி, அதில் கூடாத வகை. சுகாதாரப் பகுதியிலிருந்து மரிஸா என்ற நேர்ஸ் தர்சினிக்குப் போன் எடுத்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். தர்சினி ஸ்பீக்கரில் போட்டாள்.

கடந்த பத்து நாளில் பிள்ளை சாப்பிட்டது எல்லாம் வேண்டுமாம். பச்சைப் பால், முளைப்பயறு, கீரை, குளித்த குளம், தொட்ட மாடு ஆடு எல்லாம் கேட்டாள். பிறகு, அரைத்த மாட்டிறைச்சி ஏதாவது? என்றாள்.

"நாங்கள் மாடு சாப்பிடுறேல்லை," என்றாள் தர்சினி. அதை ஆங்கிலத்திலும் ஒருக்கால் சொன்னாள்.

வேறு யாருடைய வீட்டிலாவது சாப்பிட்டதா என்று மரிஸா கேட்டாள். அண்ணா வீட்டில், சனிக்கிழமை என்றாள் தர்சினி. என்னைத் திரும்பிப் பார்த்தாள். சோறும் கோழியும் என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆரபி சோபாவில் போர்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கார்ட்டூன் ஓடிய ரீவியைப் பார்த்தாள்.

யூலை 12, சனி

பிரதீபன் வசந்தமலர் அக்காவைப் போனில் பிடித்துக் கத்தினானாம். சுகாதாரப் பகுதியிலிருந்தும் அவருடைய சமையலறையைப் பார்க்க வந்து போனார்களாம். பார்த்து முடியும்வரை ஓர்டர் எடுக்க வேண்டாம் என்றிருக்கிறார்கள். கோயில் சிற்றுண்டிச்சாலைக்கு மரக்கறிக் கட்லட் செய்து கொடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய பெயர் ஓடுகிறது.

நளா போனில் கேட்டாள், நீங்களும் அந்த ரோல்ஸ் சாப்பிட்டனீங்கள்தானே, உங்களுக்கு ஒண்டும் இல்லையோ என்று. இல்லை என்றேன்.

காலை: தேத்தண்ணி.

யூலை 14, திங்கள்

வயிற்றோட்டம் குறைந்தது என்று நேற்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம். இன்று காலையில் ஆரபியின் முகம் ஊதியிருக்கிறது. நேற்று மதியத்திலிருந்து ஒரு சொட்டுச் சிறுநீர் போகவில்லை. தோல் வெளிறிப்போய்க் கிடக்கிறது. பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

அந்தக் கிருமியின் நஞ்சு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை நிறுத்திவிட்டதாம். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் இப்படி வருமாம்.

யூலை 15, செவ்வாய்

கழுத்துக்குக் கீழே குழாய் போட்டு, மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். நான்கு மணித்தியாலம். தர்சினி கட்டில் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். இருக்கச் சொன்னால் கேட்கவில்லை.

பின்னேரம் வசந்தமலர் அக்கா வந்தார். பிரதீபன் அவரை அறைக்குள் விடவில்லை. வராந்தாவிலேயே நின்றுவிட்டுப் போகப் பார்த்தார். பஸ்ஸில் இரண்டு தரம் மாற வேண்டும் என்று நான் காரில் கொண்டுபோய் விட்டேன். என்ன மனிதன் நான்.

வழியில் அவர் அழவில்லை. கைகள் இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிளீச் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல்கள் வெடித்திருந்தன.

"தம்பி, நான் ஒவ்வொண்டா யோசிச்சுப் பாத்தன். இறைச்சி அண்டைக்குத்தான் வாங்கினது. வாங்கின உடனே அவிச்சது. கொதிச்ச எண்ணெய்யில பொரிச்சது. நான் எதில பிழை விட்டனான்?"

தெரியவில்லை அக்கா என்றேன்.

"அந்தப் பிள்ளைக்கு ஒண்டு நடந்தா நான் எப்பிடி இருப்பன்?"

சிவப்பு விளக்கு விழுந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யூலை 16, புதன்

ஃப்ரீசரில் கிடந்த மற்றப் பாதியை எடுத்து, பழைய பேப்பரில் சுற்றி, இன்னொரு பையில் போட்டு, குப்பைத் தொட்டிவரை கொண்டுபோனேன். நாளைக்குக் குப்பை எடுக்கும் நாள். மூடியைத் திறந்து பிடித்தபடி நின்றேன். கை குளிரில் விறைத்துப் போயிற்று. திரும்பக் கொண்டுவந்து ஃப்ரீசரிலேயே வைத்தேன்.

அது நல்ல மனத்தால் செய்ததல்ல. எறிந்தால் எறிந்ததையும் சேர்த்துச் சுமக்க வேண்டும் என்று பயந்துதான்.

யூலை 17, வியாழன்

இரண்டாம் தரம் மெஷினில் போட்ட பிறகு ஆரபி கொஞ்சம் தெளிந்திருந்தாள். தர்சினி தேத்தண்ணி குடிக்கக் கீழே போனாள். அறையில் நானும் பிள்ளையும் மட்டும்.

அவள் என்னைக் கிட்ட வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். குனிந்தேன்.

"மாமா, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"நேர்ஸும் கேட்டவா. டொக்டரும் கேட்டவர். படமெல்லாம் காட்டினவர், பேர்கர் படமும் காட்டினவர். நான் இல்லையெண்டு சொல்லிட்டன்."

பெருமையாகச் சொன்னாள். உதடு வெடித்திருந்தது, அதோடு சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"இன்னும் எவ்வளவு நாளைக்குச் சொல்லக் கூடாது?"

நான் எழும்பி வராந்தாவுக்கு வந்தேன். தர்சினி கையில் பேப்பர்க் கப்போடு லிஃப்டிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அந்த இடத்திலேயே சொன்னேன். சனிக்கிழமை பேர்கர் கொடுத்தது, மாட்டிறைச்சி, வீட்டில் நான் செய்தது, நேர்ஸிடம் பொய் சொன்னது, பிள்ளையைச் சொல்ல விடாதது. நின்ற நிலையில் எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. தேத்தண்ணி அவள் கையில் ஊற்றுப்பட்டது. அவள் துடைக்கவில்லை.

திட்டுவாள் என்று நினைத்தேன். கப்பை ஜன்னல் ஓரத்தில் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"மாடு குடுத்ததுக்கு இல்லை அண்ணா. அவள் சாகக் கிடக்கேக்கையும் உங்களுக்காகப் பொய் சொல்லிக்கொண்டு கிடந்திருக்கிறாள். அதுக்குத்தான் என்னால ஏலாமல் கிடக்கு."

பெரிய டொக்டரிடம் போய் அவளே கேட்டாள், முன்னமே தெரிந்திருந்தால் வேறு விதமாகச் செய்திருப்பீர்களா என்று. மருத்துவம் இதேதான் என்றாராம். ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் வேறு வீடுகளைக் காப்பாற்றலாம் என்றாராம். முதல் பாதி எனக்கு ஆறுதல் தரும் என்று நினைத்திருப்பார் போல.

பிரதீபன் வந்தான். அவனுக்கும் நானே சொன்னேன். என்னைப் பார்க்காமல், "மச்சான், இப்ப போங்கோ," என்றான். வந்தேன்.

யூலை 18, வெள்ளி

விடிந்ததும் மரிஸாவுக்கு நானே போன் எடுத்தேன். மதியம் வீட்டுக்கு வந்தாள். நாற்பது வயது இருக்கும், பிலிப்பைன்ஸ்காரி. கையுறை போட்டு, ஃப்ரீசரில் இருந்ததைப் பெட்டியில் வைத்து முத்திரை ஒட்டினாள். பிறகு குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருந்து கேட்கத் தொடங்கினாள். இந்தக் கொப்பியைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னேன்.

எத்தனை மணிக்கு வாங்கினது, எத்தனை மணிக்கு ஃபிரிட்ஜில் வைத்தது? இடையில் இரண்டு மணித்தியாலம் காரில். அந்த வெயிலுக்கு ஒரு மணித்தியாலமே கூடிப்போச்சு என்றாள். ஃபிரிட்ஜில் எத்தனை நாள்? மூன்று. அரைத்த இறைச்சியை ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான் வைக்கலாமாம், இல்லையென்றால் வாங்கிய அன்றே ஃப்ரீசரில் போட வேண்டுமாம். எந்தத் தட்டு? மேல்தட்டு. கீழே என்ன இருந்தது? சலாட் இலை. கை கழுவினீர்களா? துடைத்தேன். சமைத்ததை எதில் இறக்கினீர்கள்?

ஒவ்வொன்றுக்கும் அவள் எழுதினாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

துண்டு இறைச்சியை வெள்ளைக்காரர் அரைவேக்காட்டில் சாப்பிடுகிறார்கள்தானே என்று கேட்டேன். துண்டில் கிருமி வெளிப்பக்கம்தான் இருக்குமாம், சூடு பட்டதும் செத்துவிடுமாம். அரைக்கும்போது வெளிப்பக்கம் எல்லாம் உள்ளே போய்விடுகிறது. அதனால் நடுவிலும் எழுபத்தொரு பாகை சூடு ஏற வேண்டும். நிறத்தை நம்பக் கூடாது. வெப்பமானியைப் பக்கவாட்டில் குத்தி, நடுவரை விட்டுப் பார்க்க வேண்டும். என்னிடம் வெப்பமானி இல்லை. காய்ச்சல் பார்க்கிறதுதான் இருக்கிறது.

கடைசியாகக் கேட்டாள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்ததா, நினைவிருக்கிறதா என்று.

கவனிக்கவில்லை என்றேன்.

போகும்போது, தான் போன் எடுக்கிற ஆட்களில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள், உங்களை நீங்களே தின்னாதீர்கள் என்றாள். நல்ல மனுஷி. அந்தப் பாதிப் பேரின் வீட்டுப் பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

யூலை 19, சனி

நளாவுக்குப் போனில் சொன்னேன். அங்கே பின்னேரம், காகங்கள் கத்துவது கேட்டது. அவள் அழுவாள் என்று நினைத்தேன்.

"நான் சொன்னதையெல்லாம் தீட்டெண்டோ நினைச்சுக்கொண்டிருந்தனீங்கள்?" என்றாள். "பச்சை இறைச்சித் தண்ணி மற்றச் சாப்பாட்டில படக் கூடாதெண்டுதானப்பா. உங்களுக்குத்தான் சீனி வருத்தம், ஒண்டு வந்தால் தாங்க மாட்டியள் எண்டுதான்."

பதினாறு வருஷமாக அந்த மூடிப் பெட்டியைப் பற்றிப் பகிடி பண்ணியிருக்கிறேன்.

யூலை 20, ஞாயிறு

வசந்தமலர் அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து, பிள்ளைக்கு எப்படி என்றுதான் முதலில் கேட்டார். அதற்குப் பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. சொன்னேன். கதவு நிலையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்டைக்குக் காருக்குள்ள நான் கேக்கேக்க உமக்குத் தெரியும், என்ன?"

"ஓம் அக்கா."

தலையை ஆட்டினார். கதவை மெதுவாகச் சாத்தினார். அடித்துச் சாத்தியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து, பிறந்தநாளுக்கு வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்தேன். கோயில் செயலாளருக்கும் எடுத்தேன். வசந்தமலர் அக்காவின் சாப்பாட்டில் பிழையில்லை, பிழை என் வீட்டில் என்று சொன்னேன். இருபத்து மூன்று வீடு. சிலர் ஐயோ என்றார்கள். ஒருவர், ஏன் தம்பி பிள்ளைக்கு மாடு கொடுத்தனீர், அதுதான் கடவுள் காட்டினது என்றார். அது மாடு என்பதால் இல்லை ஐயா, நான் ஒழுங்காக வேகவைக்காததால் என்றேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. வாட்ஸ்அப் குழுவிலும் எழுதிப் போட்டேன். குழு முழுக்கச் சத்தமில்லாமல் போயிற்று.

சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

யூலை 22, செவ்வாய்

தர்சினி செய்தி அனுப்பியிருந்தாள்: "ஆரபி உங்களைக் கேக்கிறாள். வாங்கோ." அவ்வளவுதான்.

போனேன். நான்காம் தரம் மெஷின் நேற்று முடிந்ததாம். முக வீக்கம் கொஞ்சம் வற்றியிருந்தது. தர்சினி கட்டிலின் ஒரு பக்கம், நான் மறுபக்கம். ஆரபி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் சொன்னேன், மாமா அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன், இனி நீயும் சொல்லலாம், சத்தியம் முடிந்துவிட்டது என்று.

"முழுக்கச் சொல்லலாமோ?"

"முழுக்க."

அவள் தாயின் பக்கம் திரும்பிச் சொல்லத் தொடங்கினாள். வெளியில் நெருப்பு வந்தது, மாமாவின் கை மயிர் கருகியது, அணில் வந்தது. ஒரு கதை போலச் சொன்னாள். தர்சினி அவளுடைய காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பிறகு நான் கடிச்சனா, உள்ளுக்குச் சிவப்பா இருந்தது அம்மா. மெத்து மெத்தெண்டு. நான் மாமாட்டக் காட்டினனான். மாமா பாத்திட்டு, அது ஒண்டும் செய்யாது, வெள்ளைக்காரர் இப்பிடித்தான் சாப்பிடுறவை எண்டவர். பிறகு சிவப்புத் தெரியாமல் கெச்சப் போட்டுத் தந்தவர். நான் வேண்டாமெண்டனான். நல்ல பிள்ளையெல்லோ, மாமா ஆசையா செய்தது எண்டவர். அப்ப சாப்பிட்டனான்."

தர்சினியின் கை நின்றது.

இந்தக் கொப்பியில் ஐந்தாம் திகதி, ஆரபி எதையோ கேட்டாள் என்று எழுதியிருக்கிறேன். அவள் கேட்டது என்னவென்று எனக்கு அன்றே தெரியும். தர்சினியிடம் எல்லாம் சொன்னேன் என்று எழுதியிருக்கிறேன், இதைச் சொல்லவில்லை. மரிஸா நேரே கேட்டாள், கவனிக்கவில்லை என்றேன். ஆரபி காட்டியதைப் பார்த்தேன். நடுவில் ஈரமாக, பச்சையாகவே இருந்தது. மறுபடி நெருப்பில் போட ஐந்து நிமிஷம் போதும். நெருப்பை அணைத்துவிட்டேன், திரும்ப மூட்டப் பஞ்சி, வெறும் சோம்பல். அவ்வளவுதான் காரணம். வேறு ஒரு காரணமும் இல்லை.

தர்சினி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் பிள்ளையின் நெற்றியில் கொஞ்சி, "நீ சரியாத்தான் சொல்லியிருக்கிறாய் குஞ்சு. சிவப்பா இருந்தால் வேண்டாமெண்டு சொல்ல வேணும். ஆர் தந்தாலும்," என்றாள்.

ஆரபியின் போர்வையை இழுத்துவிட்டாள். நான் வெளியே வந்து மரிஸாவுக்குப் போன் எடுத்து, நான் சொன்ன பதிலை மாற்ற வேண்டும் என்றேன்.

யூலை 25, வெள்ளி

பிரதீபன் போன் எடுத்தான். பிள்ளை சிறுநீர் கழித்திருக்கிறாள், ஒரு மேசைக்கரண்டியளவு. அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. மூன்று தரம் சொன்னான்.

யூலை 31, வியாழன்

குழாயைக் கழற்றிவிட்டார்கள். தாமரைப் பூப் போட்ட கவுணோடு வராந்தாவில் நடக்கிற வீடியோ ஒன்று வந்தது. தர்சினி அனுப்பியது, நளாவுக்கு. நளா எனக்கு அனுப்பினாள்.

மதியம்: சோறு, பயிற்றங்காய், மீன். இன்றைக்குச் சோறு சோறாக இருந்தது.

ஓகஸ்ட் 6, புதன்

மரிஸா போன் எடுத்தாள். ஃப்ரீசரில் இருந்த இறைச்சியிலும் ஆரபியிலும் ஒரே கிருமி. அதே இறைச்சியை வேறு ஆட்களும் வாங்கியிருப்பார்கள், தேடிச் சொல்கிறோம், மிச்சத்தை எறியாமல் வைத்திருந்தது நல்லது என்றாள். வேறு வீட்டில் யாருக்கும் வருத்தம் வந்ததாக இதுவரை தகவல் இல்லையாம். வடிவாக, நடுவரை வேகவைத்திருப்பார்கள்.

ஆரபி சனிக்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டாளாம். சிறுநீரகம் முக்கால்வாசி திரும்பிவிட்டது. மிச்சம் வருமா என்று தெரியாது. வருஷா வருஷம் சோதிக்க வேண்டும், பெரிய பிள்ளையாகும்வரை.

ஓகஸ்ட் 13, புதன்

கிளினிக்கில் இந்தக் கொப்பியைக் கேட்டார்கள். தமிழில் எழுதியிருக்கிறேன் என்றேன். பரவாயில்லை, வாசித்துச் சொல்லுங்கள் என்றாள் அந்தப் பெண். முதல் பக்கத்தை வாசித்தேன், பிறகு என்னால் முடியவில்லை. எட்டுக் கிலோ குறைந்திருக்கிறேன். அவள் சந்தோஷப்பட்டாள்.

ஓகஸ்ட் 30, சனி

நளா வந்து மூன்று நாள். வந்த அன்றே ஃபிரிட்ஜைக் கழற்றிக் கழுவினாள். நான் ஒவ்வொரு தட்டாகத் துடைத்துக் கொடுத்தேன். அடித்தட்டில் அந்த மூடிப் பெட்டியைத் திரும்ப வைத்தாள். வெறும் பெட்டி. இனி எனக்கு இறைச்சி வேண்டாம் என்றேன். "வேண்டாமெண்டால் வேண்டாம். வேணுமெண்டால் ஒழுங்காச் சமையுங்கோ," என்றாள். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிக் கரண்டி லாச்சியில் போட்டிருக்கிறாள்.

வசந்தமலர் அக்காவைக் கடையில் கண்டேன். கோயில் வேலை திரும்பக் கிடைத்ததாம், நளாவுக்குச் சொன்னார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அதற்கு மேல் கேட்க எனக்கு வாயில்லை.

இன்று தர்சினி எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். கூப்பிட்டது நளாவைத்தான், ஆனால் என் பெயரையும் சொன்னாளாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கதைத்த பிறகு அவள் வீட்டுக்குள் நான் போவது இதுதான் முதல் தரம். பிரதீபன் கதவைத் திறந்து, வாங்கோ என்றான். தர்சினி குசினிக்குள் நின்றாள். நளா அவளோடு போய் நின்றுகொண்டாள். நான் ஹோலில் சோபாவில் இருந்தேன்.

ஆரபி வந்து பக்கத்தில் ஏறி இருந்தாள். கன்னம் திரும்ப உப்பி வருகிறது. கழுத்துக்குக் கீழே குழாய் போட்ட இடத்தில் சின்ன வடு. சட்டைக் கழுத்தை இழுத்து எனக்குக் காட்டினாள். தன் வகுப்பில் வேறு யாருக்கும் இப்படி இல்லை என்றாள்.

இப்போது அவள் எல்லாவற்றையும் சொல்கிறாளாம். டொக்டருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பஸ் ஓட்டுகிறவருக்கும். மாமா பேர்கர் தந்தவர், உள்ளுக்குச் சிவப்பு என்று. பிரதீபன் சங்கடப்பட்டுக்கொண்டு சொன்னான். சொல்லட்டும் என்றேன்.

அவள் படம் கீறும் புத்தகத்தை என் மடியில் விரித்தாள். சிவப்புப் பென்சிலை எடுத்துத் தந்து, வீட்டுக் கூரைக்கு நிறம் தீட்டச் சொன்னாள். தீட்டிக்கொண்டிருந்தேன். கோட்டுக்கு வெளியே போகிறது, போகிறது என்று கையைப் பிடித்து நேராக்கினாள். அந்தக் கை சூடாக இருந்தது. பென்சிலை வைத்துவிட்டேன்.

அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"அம்மா, மாமா அழுறார்."

குசினிக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு குழாயைப் பூட்டினார்கள். தர்சினி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் எதிரில் இருந்தாள்.